சாயங்காலமானால் வாடும் மரம்

எங்கள் ஊருக்குத் தாவரவியல் தோட்டம் வந்ததற்கு ஒரு கம்பளிச் சட்டைதான் காரணம். ஐம்பதுகளில் நகரசபைத் தலைவராக இருந்தவர் ஒரு கோடையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனார். அங்கே வாங்கிய கம்பளிச் சட்டையைக் கழற்ற மனமில்லாமல், திண்டுக்கல் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே சபைக் கூட்டத்துக்கு வந்தாராம். வியர்வையைத் துடைத்தபடி, "ஊட்டியில ஒண்ணு இருக்கு, கொடைக்கானல்ல ஒண்ணு இருக்கு, நம்மூருக்கு மட்டும் என்ன கேடு?" என்று கேட்டாராம். அங்கெல்லாம் மழை பெய்கிறது என்று எடுத்துச் சொல்ல யாரும் துணியவில்லை. நான் அப்போது அங்கே இல்லை, கேள்விப்பட்டதுதான். ஆனால் அவரைப் பிறகு நேரில் பார்த்திருக்கிறேன். நிச்சயம் போட்டுக்கொண்டுதான் வந்திருப்பார்.

இப்படியாக, பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்து அரை நாளைக் கழிக்கிற ஊரில், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கென்று ஒரு தோட்டம் பிறந்தது. மலைக்கோட்டையை அண்ணாந்து பார்க்கிற மாதிரி கிடந்த ஒரு பொட்டல் நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். வாசலில் இரும்பு வளைவு வைத்து அதில் 'தாவரவியல் தோட்டம்' என்று பெரிய எழுத்தில் பொருத்தினார்கள். உள்ளே, முன்பிருந்தே நின்ற சில புளியமரங்களும் ஒரு கிணறும் இருந்தன. புதிதாக ஒரு வானொலி அறை கட்டினார்கள். சாயங்காலம் ஒலிபெருக்கியில் செய்தியும் பாட்டும் வரும். ஜனங்கள் வந்தது அதற்குத்தான். தாவரம் என்று பார்த்தால், சுண்ணாம்பு அடித்த தொட்டிகளில் குரோட்டன்ஸ் இருந்தது.

அந்தத் தோட்டத்தை நடத்தப் பூங்காக் குழு என்று ஒன்று உண்டு. கவுன்சிலர்கள் சிலர் அதில் இருப்பார்கள், செடி கொடி தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பெண்கள் பள்ளியின் தலைமைச் சகோதரியைக் கேட்டார்கள். அவர், "எனக்குச் செபமாலை சொல்லவே நேரம் பத்தல, நீதானே தாவரவியல் நடத்துற, நீ போ" என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வாய் மட்டும் அறுபது வயதுக்கு இருந்தது.

குழுவின் நடைமுறையைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. முதலில் போன கூட்டத்தில் பேசியதைப் படிப்பார்கள். அதற்குள் மசால் வடை வந்துவிடும். வடை தீர்ந்ததும் தண்ணீர்ப் பிரச்சினை வரும். அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். தோட்டத்துக்கென்று வருமானம் புளியமரத்தை ஏலம் விடுவதிலும் புல்லை ஏலம் விடுவதிலும் வந்தது. மிச்சச் செலவைச் சபை தன் சுகாதாரக் கணக்கிலிருந்து கொடுக்கும். அதே கணக்கில்தான் சாக்கடையும் கொசு மருந்தும் இருந்தன. ஆகவே கொசு அதிகமான வருஷம் ரோஜாவுக்கு உரம் கிடையாது. ஒரு தாவரவியல் தோட்டத்தின் தலையெழுத்தைக் கொசுக்கள் எழுதும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை.

ஆடி பிறக்கிற சமயத்தில் மரம் நடுவிழா வரும். யாராவது பெரிய அதிகாரியைக் கூப்பிட்டு, மேளம் வைத்து, ஒரு கன்றை நடச் சொல்வார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு போனதும் தோட்டத்துக்கு வருகிற தண்ணீர் பூராவும் அந்த ஒரு கன்றுக்கே போகும். அது பட்டுப்போனால் யார் பதில் சொல்வது? தோட்டக்காரர் காலையிலும் ஊற்றுவார், மாலையிலும் ஊற்றுவார், வழியில் போகிறபோதும் ஒரு வாளி ஊற்றுவார். மழைக்காலம் வருவதற்குள் அது வேர் அழுகிச் செத்துப்போகும். மற்றச் செடிகள் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும். அடுத்த ஆடியில் அதே குழியில் இன்னொரு பெரிய மனிதர் வந்து நடுவார். குழி மட்டும் நன்றாக இருந்தது.

இருந்தாலும் அந்தத் தோட்டத்தை நான் நேசித்தேன். எங்கள் பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று பெயர் சொல்ல ஒரு அலமாரிதான் உண்டு. கரும்பலகையில் நான் வரைகிற பூவைப் பார்த்து வரைந்த பெண்கள், தோட்டத்துக்குக் கூட்டிப் போனால்தான் பூவைப் பிரித்துப் பார்ப்பார்கள். மகரந்தத்தை விரலில் ஒட்டிக்கொண்டு, "டீச்சர், நிஜமாவே இருக்கு!" என்று கத்துவார்கள். அதுவரைக்கும் நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அந்தக் கத்தலைக் கேட்பதற்காகவே மாதா மாதம் போய் அந்த ஆறிப்போன வடையைத் தின்றேன்.

இந்தத் தோட்டத்தின்மேல்தான் கண் வைத்தார் லாரிக்காரர்.

அவரும் ஒரு கவுன்சிலர், குழு உறுப்பினர். ஆள் வாட்டசாட்டம். சட்டை வெள்ளை, குரல் லாரி ஹாரன். தோட்டத்துச் சுவரை ஒட்டியே அவருடைய லாரிக் கொட்டகை. நத்தம் மாங்காயும் புளியும் சிறுமலை வாழைத்தாரும் ஏற்றி மதுரைக்கு அனுப்புவார். கொட்டகை பத்தாமல் லாரிகள் தெருவில் நிற்கும். போலீஸ்காரர் வந்து சத்தம் போடுவார். அவருடைய கஷ்டமும் கஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"செடி பாக்கணும்னா சிறுமலைக்குப் போங்க டீச்சரு. அங்ஙன மலை பூராம் செடிதான். ஊருக்கு நடுவுல இம்புட்டு எடத்த வளச்சுப் போட்டு எவன் பாக்குறான்? ரேடியோ கேக்க வாராய்ங்க. ரேடியோவ லாரி ஸ்டாண்டுலயும் வைக்கலாம்."

தோட்டத்தை எடுத்துவிட்டு லாரி நிறுத்தம் கட்ட வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். அடுத்த நிதிக்கூட்டத்தில் அது வரும். அதற்கு முன்னோட்டமாக, தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நகரசபைத் தண்ணீர் வண்டியை நிறுத்த வைத்தார். மனிதனுக்கே தண்ணீர் இல்லை என்று அவர் சொன்னபோது யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. தண்ணீர் நின்றுவிட்டால் தோட்டம் தானாகவே காய்ந்துவிடும், காய்ந்த தோட்டத்தை எடுக்க யார் அழப்போகிறார்கள்? மனிதர் கெட்டிக்காரர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் என் கணவர். எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்துகொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில், வடை வருவதற்கு முன்பே எழுந்து நின்றேன். "இந்த வருஷம் மரம் நட வெளியில இருந்து யாரையும் கூப்பிட வேண்டாம். ஊருக்கு உழைக்கிறவங்க நீங்க. கவுன்சிலர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மரம் நடுங்க. ஒவ்வொண்ணுக்கும் உங்க பேரு போட்டுப் பலகை வைப்போம்" என்றேன்.

பெயர்ப்பலகை என்றதும் அறையில் ஒரு வெளிச்சம் பரவியதை நான் கண்ணால் பார்த்தேன். அதே கம்பளிச் சட்டைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எப்போதும் லாரிக்காரருக்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிற சுருட்டுக்கடைக் கவுன்சிலர்கூட, "நல்ல விசயந்தானப்பா" என்றார். லாரிக்காரர் மட்டும், "ஸ்டாண்டு வரப்போற எடத்துல மரம் எதுக்கு?" என்று முனகினார். மற்ற எல்லோருக்கும் பலகை இருந்து தனக்கு மட்டும் இல்லாமல் போவதை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சரி என்றுவிட்டார்.

இடம் குறிக்கிற வேலை என்னுடையது. வரிசையாக நட்டால் நடுவே லாரி போகும். ஆகவே தாயக்காய் சிதறின மாதிரி, தோட்டத்தின் நடுப்பகுதி பூராவும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குச்சி நட்டேன். தலைவர் வந்து பார்த்து, "என்னம்மா, ஒரு ஒழுங்கே இல்லையே?" என்றார். "ஊட்டியில இப்படித்தாங்கய்யா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். நான் ஊட்டியைப் பார்த்ததே இல்லை.

தலைவருக்கு நத்தத்திலிருந்து வந்த மாங்கன்று. சுருட்டுக்கடைக்காரருக்கு நாவல். லாரிக்காரருக்கென்று நான் தனியாக ஒன்று வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பால்மாவு டப்பாவில் நானே முளைக்கப்போட்டு வளர்த்த தூங்குமூஞ்சி மரக்கன்று. அந்த மரத்தின் இலைகள் வெயில் தாழ்ந்ததும் ஒன்றோடொன்று கைகூப்பிக்கொண்டு தொங்கிவிடும், காலையில் விரிந்துவிடும். வத்தலக்குண்டு சாலையில் அது வளர்ந்து குடை பிடித்து நிற்கிறது. லாரிகள் அதன் நிழலில்தான் ஒதுங்கும். லாரிக்காரரின் லாரிகளும் அங்கேதான் ஒதுங்கும். அந்த மரத்தடியில் பொறுக்கின விதைதான் இது. ஆனால் பெரிய மரத்தைப் பார்க்கிறவர்கள் அதன் கன்றைப் பார்ப்பதில்லை. பலகையிலும் தாவரவியல் தோட்டத்து முறைப்படி லத்தீன் பெயரைத்தான் எழுதினேன். அவர் கொட்டகைக் கணக்கை முடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் வருவது சாயங்காலத்தில் மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும்.

நடுவிழா அன்று அவர் கன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன மரம் டீச்சரு?"

லத்தீன் பெயரை நிறுத்தி, அழுத்திச் சொன்னேன்.

"எந்த ஊரு?"

"தென் அமெரிக்காங்கய்யா."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா!" பக்கத்திலிருந்த மாவையும் நாவலையும் அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த மரம் அங்கேயிருந்து வந்ததுதான்.

கன்று வேர்விட்டு இலை நிறைந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம். ஒலிபெருக்கியில் பருத்தி விலையும் வெல்லம் விலையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மூலிகைப் பாத்தியில் குனிந்திருந்தேன். பின்னாலிருந்து ஹாரன் குரல்.

"டீச்சரு! என் மரம் செத்துப்போச்சு!"

போய்ப் பார்த்தேன். இலைகள் அத்தனையும் மூடிக்கொண்டு தொங்கின. அவர் முகமும் அப்படித்தான் தொங்கியது. "சாகலீங்கய்யா, உயிர் இருக்கு" என்றேன்.

அவர் தோட்டக்காரர் பக்கம் திரும்பினார். "ஏலே, தண்ணி ஊத்துனியா இல்லையா?"

தோட்டக்காரர் சோம்பேறி, ஆனால் சமயம் தெரிந்தவர். தலையைச் சொறிந்துகொண்டு, "தண்ணிக்கு எங்கிட்டுப் போவேங்கய்யா? கெணத்துல பாறை தெரியுது. சபை வண்டியும் வாரதில்ல. யாரோ நிறுத்திப்புட்டாங்களாம்" என்றார்.

யாரோ என்று சொன்ன அழகுக்கே அவருக்குச் சம்பளம் உயர்த்தியிருக்கலாம். லாரிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "தண்ணி ஊத்துனா நல்லதுதானே?" என்று கேட்டார்.

"எந்தக் கன்னுக்கும் தண்ணி நல்லதுதாங்கய்யா" என்றேன். இதுவும் பொய் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய தோப்புக் கிணற்றிலிருந்து, கழுவின எண்ணெய்ப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஒரு லாரி வந்து நின்றது. ஒரு முழ உயரக் கன்றுக்கு ஒரு லாரித் தண்ணீர். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மனிதர் வந்துவிட்டார். இலைகள் பளிச்சென்று விரிந்திருந்தன. அவர் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "நேத்து இத நீங்க பாத்திருக்கணும். பொணம் மாதிரி கெடந்துச்சு. நம்ம கெணத்துத் தண்ணி பட்டுச்சு, எந்திரிச்சு நின்னுருச்சு!"

அன்று சாயங்காலம் அது மறுபடி செத்தது. மறுபடி லாரி வந்தது.

இது தினப்படி ஆகிவிட்டது. ஒரு கன்று எவ்வளவு குடிக்கும்? தோட்டக்காரர் அதன் பாத்தியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி மாவுக்கு விட்டார், மாவிலிருந்து நாவலுக்கு விட்டார், அங்கிருந்து என் மூலிகைப் பாத்திக்கும் ரோஜாவுக்கும் விட்டார். தண்ணீர் சுமக்கிற வேலை போனதில் அவருக்குத் தொப்பை விழுந்தது. வறண்டு கிடந்த தொட்டியில் அல்லி பூத்தது. எங்கள் பள்ளிப் பெண்கள் அல்லித் தண்டைக் குறுக்கே வெட்டி உள்ளேயிருந்த காற்றறைகளைப் பார்த்துக் கத்தினார்கள். தோட்டத்தை ஒழிக்கத் தண்ணீரை நிறுத்தியவரே தோட்டம் பூராவுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வருத்தமெல்லாம் ஒன்றும் கிடையாது.

அது என்ன மரம் என்று தெரிந்தவர்களே ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். தோட்டக்காரருக்குத் தெரியும். அவருக்குத் தண்ணீர் வேண்டும். லாரி ஓட்டுநருக்குத் தெரியும். அவருக்குச் சாயங்கால நடைக்குத் தனிப் படி கிடைத்தது. எனக்குத் தெரியும், என் சங்கதி தெரிந்ததே. தெரிந்த ஒவ்வொருவருக்கும் சும்மா இருப்பதில் ஒரு லாபம் இருந்தது. சபை தீட்டிய எந்தத் திட்டமும் இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

"என்னைக்காவது ஒரு சாயங்காலம் வத்தலக்குண்டு ரோட்டுல அவர் அண்ணாந்து பார்க்கப் போறார், அப்ப இருக்கு உனக்கு" என்று என் கணவர் பயமுறுத்தினார். "லாரிக்காரங்க ரோட்டைத்தான் பார்ப்பாங்க" என்றேன் நான்.

சுருட்டுக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு உதவி செய்தார். நகரசபைத் தேர்தல் வரப்போகிற நேரம். அவர் கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அந்தாளு மரத்தப் பாத்தீகளா? தெனம் சாயங்காலம் வாடுது. அவரு பதவியும் அப்பிடித்தான் வாடப்போகுது" என்று சொல்லிவந்தார். அது லாரிக்காரர் காதுக்குப் போனது. அடுத்த நாளிலிருந்து பீப்பாய்கள் கூடின. காலையிலும் ஒரு நடை தண்ணீர் வந்தது.

ஆனால் லாரி நிறுத்தத் தீர்மானத்தை மட்டும் அவர் விடவில்லை. "மரம் வேற, ஸ்டாண்டு வேற டீச்சரு" என்று என்னிடமே சொன்னார். தேர்தலுக்கு முந்திய நிதிக்கூட்டம் வந்தது. குழு உறுப்பினர் என்பதால் என்னையும் ஓர் ஓரத்தில் உட்கார அனுமதித்தார்கள்.

லாரிக்காரர் எழுந்தார். ஊரின் வளர்ச்சி, சாலையில் நெரிசல் என்றெல்லாம் நன்றாகவே பேசினார். முடிக்கும்போது, "தோட்டத்த எடுத்துக்கிருவோம். என் மரத்த மட்டும் சுத்தி ஒரு வேலியப் போட்டு விட்ருவோம். அது வெளிநாட்டு மரம்" என்றார்.

அவ்வளவுதான். "அப்ப என் மரம்?" என்று சுருட்டுக்கடைக்காரர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். என் பூவரசு இப்போதுதான் மொட்டு விட்டிருக்கிறது என்றார் ஒருவர். தன் வேம்புக்குச் சம்சாரம் மஞ்சள் துணி கட்டியிருக்கிறாள், அதை வெட்டினால் வீட்டுக்குப் போக முடியாது என்றார் இன்னொருவர். தலைவர் மேசையைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், "எனக்கும் ஒரு மா நிக்குதப்பா" என்று தன் பங்கையும் சொல்லிவிட்டு, எல்லோரும் நேரில் போய் அளந்து பார்த்து முடிவு செய்யலாம், வெயிலாக இருக்கிறது, சாயங்காலம் போவோம் என்றார்.

"காலையில போகலாங்களே" என்றேன் அவசரமாக. என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சபையே திரண்டு தோட்டத்துக்கு வந்தது. ஓவர்சியர் நாடா பிடித்து அளந்தார். இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் நடுவே லாரி நுழையும், ஆனால் திரும்பாது. திரும்பினால் வெளியே வராது. எங்கே அளந்தாலும் ஒரு மரம் குறுக்கே நின்றது. நான் புளியமரத்தடியில் நின்று அடக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் விடுகிறவரா? "அந்த நாவலையும் மாவையும் எடுத்துட்டா வழி வந்துரும். நாட்டு மரந்தான, எங்கயும் கெடைக்கும்" என்றார்.

சுருட்டுக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்பிடி என்னய்யா ஒசத்தி ஒன் மரம்?" என்று அதன் கிட்டே போனார். அவர் அதுவரை தூரத்திலிருந்தே அதைக் கேலி செய்தவர். குனிந்து, மூடின இலையைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார். மலைக்கோட்டை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

"அட, இது தூங்குமூஞ்சி மரமப்பா! வத்தலக்குண்டு ரோடு பூராம் நிக்குது! இதுக்கா லாரி லாரியாத் தண்ணி ஊத்துன? தூங்குறவன் மூஞ்சியில தண்ணி ஊத்துன கதையாவுல்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஓவர்சியர் நாடாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தோட்டக்காரரும் சிரித்துவிட்டு, பிறகு நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார். ஒலிபெருக்கி மட்டும் தன்பாட்டுக்கு வெல்லம் விலை சொல்லிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. தோட்டம் தொலைந்தது என்று நினைத்தேன். ஊரே பார்க்க ஏமாந்த மனிதர், முதல் வேலையாக அந்த மரத்தைப் பிடுங்கி எறிவார். அதோடு மற்றதும் போகும். நான் போட்ட கணக்கு என்மேலேயே இடிந்து விழப்போகிறது.

"நெசமா டீச்சரு?"

"ஆமாங்கய்யா. சாயங்காலம் இலை மூடும். காலையில திறக்கும்."

"தண்ணி ஊத்தலேன்னாலும் தொறக்குமா?"

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அவர் கண்ணைப் பார்த்தேன். அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து, பரீட்சையில் தோற்ற பிள்ளை எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு முதல்முறையாக அவர்மேல் பாவமாக இருந்தது.

"இந்த மரத்தப் பொறுத்தவரைக்கும் சொல்ல முடியாதுங்கய்யா" என்றேன். "நீங்க ஊத்த ஆரம்பிச்சதுல இருந்து ஒரு நாள்கூடத் தண்ணி இல்லாம விட்டுப் பார்த்ததே இல்லையே."

ஒரு நிமிஷம் அவருக்கு அது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நெஞ்சு நிமிர்ந்தது, ஹாரன் திரும்பி வந்தது. "கேட்டீகளா? டீச்சரே சொல்லிட்டாக! மத்த தூங்குமூஞ்சி கதை வேற, இது கதை வேற. ஊத்துறதுனாலதான் காலையில முழிக்குது!"

"அப்ப நாளைக்கு ஒரு நாள் ஊத்தாம விட்டுப் பாப்போம்" என்றார் சுருட்டுக்கடைக்காரர்.

"நீ வேணா ஒம் பிள்ளைக்கு ஒரு நாள் சோறு போடாம விட்டுப் பாரு!"

அந்தக் கணத்தில் அவர் தானாகவே மாட்டிக்கொண்டார். மரத்தை வெட்டினால், ஏமாந்த கோபத்தில் வெட்டினார் என்று ஊர் சிரிக்கும். தண்ணீரை நிறுத்தினால் மரம் மறுநாள் காலையில் ஜம்மென்று விரிந்து நின்று அவர் மானத்தை வாங்கும். ஆகவே மரமும் இருக்க வேண்டும், தண்ணீரும் வர வேண்டும், நடுவில் அந்த மரம் நிற்கிற வரைக்கும் அங்கே லாரி நிறுத்தமும் வர முடியாது. அதை அவர் எங்கள் எல்லோருக்கும் முந்திக் கண்டுகொண்டார். "இந்தத் தோட்டத்துல ஒரு செடியத் தொடக்கூடாது. ஸ்டாண்டுக்கு வேற எடம் பாருங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். தீர்மானம் அங்கேயே செத்தது.

வாசல் இரும்பு வளைவுக்கு அடியில் எனக்காக நின்றார். "டீச்சரு, இனிமே எனக்கு எதுனாச்சும் குடுக்குறதா இருந்தா, பேரத் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று இருட்டுகிற நேரத்தில் தெரியவில்லை.

தேர்தலில் அவர் தோற்றார். சுருட்டுக்கடைக்காரர் ஜெயித்துவிட்டு, மரம் அன்றைக்கே சொன்னது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த வருஷம் கொசுவும் அதிகமாகிவிட்டது. புதிய சபையில் தோட்டத்துக்கு ஒன்றும் கிடையாது என்று ஜெயித்தவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். கிணற்றில் மறுபடி பாறை தெரிந்தது. தோற்ற மனிதருக்கு இனி எந்த மானத்தைக் காப்பாற்ற வேண்டும், எதற்குத் தண்ணீர் ஊற்றப்போகிறார்? தேர்தல் முடிவு தெரிந்த மறுநாள் சாயங்காலம், அல்லித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பெண்களைக் கடைசியாக எப்போது கூட்டி வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனம் கனத்துக் கிடந்தது. சுருட்டுக்கடைக்காரரிடம் போய்க் கெஞ்ச வேண்டியதுதான் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

வாசலில் லாரி வந்து நின்றது. கேட்டைத் திறப்பதற்காக ஓட்டுநர் எப்போதும் போல ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார்.

முன்னிருக்கையிலிருந்து லாரிக்காரர் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வாளியைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். ஓட்டுநரைப் பார்த்து, அந்தக் குரலால் முடிந்த மட்டும் மெதுவாக அதட்டினார்.

"ஏலே, ஹாரன் அடிக்காத. மரம் தூங்குது."